வார நாள் வரிசை

மே 3, சனி

செண்பகாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்பது இன்று ஆஸ்பத்திரியில்தான் எனக்கு உறைத்தது. பிறந்த நாளன்று கேசரி கிண்டும்போதுகூடத் தோன்றவில்லை.

எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. சென்டரில் சனிக்கிழமை பிள்ளைகளுக்கான நாள். எச்.ஐ.வி.யோடு பிறந்த பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் கெடாமல் வந்து போகட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கி வரைந்த சுவரோரம் சின்னதுகள் கலர் பென்சிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நடுவில் என் மகள் சுடிதார் போட்டுக்கொண்டு, அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. எல்.கே.ஜி. படித்தபோது அதே நாற்காலியில் கால் தரையில் படாமல் உட்கார்ந்திருந்தவள்.

டாக்டரம்மா எடை பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பிறகு அவள் தலையில் கை வைத்து, இனிமேல் இங்கே வர வேண்டாம், வார நாளில் அந்தப் பக்கம் பெரியவர்கள் டாக்டரிடம் காட்டு என்றார். கவுன்சிலர் பிரேமா மேடம் என்னை வெளியே இருக்கச் சொன்னார். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட என்னை வெளியே அனுப்பியதில்லை.

“இனிமே அவதாம்மா பேசணும். நீங்க பேசிப் பேசி அவளுக்கு வாயே இல்லாமப் போச்சு.”

கதவை மூடிவிட்டார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன சிரிப்போ.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் அவளுக்கும் எனக்குமாக இரண்டு மாதத்து மாத்திரை வாங்கிக்கொண்டேன். எனக்கும் உண்டு. முறைப்படி நான் வார நாளில் போய் வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் லீவுக்கு என்ன காரணம் சொல்வது என்று ஆரம்பத்திலேயே கெஞ்சியதால், பிள்ளையோடு வருகிற அம்மா என்று சனிக்கிழமையிலேயே கொடுத்துப் பழகிவிட்டார்கள். இன்று பார்மசிஸ்ட் போத்தலைக் கொடுக்கும்போதே, இனி நீங்களும் வார நாள்தான் டீச்சர் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் கேட்டேன், மேடம் என்ன பேசினார் என்று. “சும்மா” என்றாள்.

மே 8, வியாழன்

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். வீட்டுக்காரம்மாவுக்கும் எதிர்வீட்டுக்கும் மிட்டாய் கொடுத்தோம். கோயமுத்தூரில் ஆடை வடிவமைப்பு படிக்கப் போகிறாளாம். திருநெல்வேலியில் இல்லாத படிப்பா என்றேன். இருக்கிறதாம், ஆனால் அதற்கு ஹாஸ்டல் வேண்டாமாம். ஹாஸ்டல் வேண்டும் என்பதற்காகவா படிப்பைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று கேட்டதற்கு, ஆமாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள்.

மே 13, செவ்வாய்

அண்ணன் வந்திருந்தான். செண்பகா அவனைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு எங்கள் இரண்டு பேர் விஷயமும் தெரியாது. செண்பகாவின் அப்பா மஞ்சள் காமாலையில் இறந்தார் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான்.

“ஏட்டி கோமு, புள்ளய அனுப்புறதுல ஒனக்கு என்ன கஷ்டம்? ஒடம்பு முடியாத புள்ளயா அவ, குதிர மாதிரி இருக்கா.”

குதிரை என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.  ஒடம்பு முடியாத பிள்ளை இல்லைதான். அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதானே என் கவலை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் தண்ணீர் டம்ளரை நீட்டாமல் அவள் ஒருநாளும் மாத்திரை போட்டதில்லை. அங்கே யார் டம்ளரை நீட்டுவார்கள்? விட்டு விட்டுப் போட்டால் மருந்து வேலை செய்யாமலே போய்விடும் என்று டாக்டரம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்ல முடியுமா. தூரம் என்றேன். ரயில் இருக்கிறதே என்றான்.

மே 19, திங்கள்

பணம் கட்டியாயிற்று. இடம் உறுதி.

கூழ் வடகம் போட்டு மொட்டைமாடியில் காவல் இருந்தபடியே இரண்டு பேரும் ஹாஸ்டலைப் பற்றிப் பேசினோம். சண்டை இல்லாமல் பேசியது இந்த மாதத்தில் இதுதான் முதல் தடவை. போத்தலின் லேபிளை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டிவிட வேண்டும். குலுங்கிச் சத்தம் வராமல் உள்ளே பஞ்சு வைக்க வேண்டும். இது இரண்டும் அவளுக்குத் தெரியும், நான் செய்வதைப் பார்த்துத்தானே வளர்ந்தாள். என்ன மாத்திரை என்று யாராவது கேட்டால்? தைராய்டு என்று சொல்லிக்கொள்கிறேன் என்றாள். தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில் போடுவது, அறையில் ஒருத்தியின் அம்மாவுக்குத் தைராய்டு இருந்தால் மாட்டிக்கொள்வாய் என்றேன். யோசித்தாள்.

“அப்போ முடி கொட்டாம இருக்கன்னு சொல்லட்டுமா?”

“நல்லதுதான்.”

“நல்லதா? ஹாஸ்டல்ல அத்தன பேரும் ஆளுக்கொண்ணு கேப்பாளுகம்மா.”

எனக்கு வந்த சிரிப்பில் காக்காய் வடகத்தைத் தூக்கிக்கொண்டு போனதைக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் ரத்தச்சோகை என்று முடிவாயிற்று.

சிரித்து ஓய்ந்த பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அன்னைக்கு மேடம் என்ன பேசினாங்கன்னு கேட்டேல்லா. எனக்குக் கல்யாணம் ஆகலாமாம். ஒழுங்கா மாத்திர போட்டு ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்கு வச்சுக்கிட்டா, கட்டிக்கிறவனுக்கு என்கிட்டருந்து ஒட்டாதாம். பிள்ளையும் பெத்துக்கலாமாம், அதுக்கும் வராம.”

நான் வடகத்தைத் திருப்பிப் போட்டேன். ஈரமாக இருந்தது, திருப்பும் பதம் வரவில்லை, எல்லாம் பிய்ந்துவிட்டது. இவள் வயிற்றில் இருந்தபோது எங்களை யாரும் பரிசோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை.

மே 27, செவ்வாய்

அவளுக்குக் கூடுதலாக ஒரு டப்பா கைவசம் இருப்பது நல்லது. பை தொலையலாம். ரயில் எங்காவது நின்றுவிடலாம். கோயமுத்தூர் சென்டரில் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வா என்பார்கள். இவளுக்கு வகுப்பு இருக்கும், போகமாட்டாள். கேட்டால் கூடுதலாகத் தரமாட்டார்கள், அதெல்லாம் கணக்காகத்தான் தருவார்கள்.

போன வருஷத்திலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேறு வேறு. இப்போது அது ஒரு வசதி.

சின்ன எவர்சில்வர் டப்பாவில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. மூன்றாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

டப்பாவில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. இரண்டு சுடிதாருக்கு ஓரம் அடித்தேன். வாளி, கொடிக்கயிறு, பூட்டு வாங்கினோம்.

ஜூன் 12, வியாழன்

மகளுக்குக் கல்லூரி வேலை என்று ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். பொய்யில்லை. கோயமுத்தூருக்கு மாற்றிக்கொள்ளக் கடிதம் வாங்கவும், பெரியவர்கள் டாக்டரைப் பார்க்கவும் போனோம்.

வார நாளில் அந்த இடமே வேறு மாதிரி இருக்கிறது. படமும் இல்லை, கலர் பென்சிலும் இல்லை. நீளமான வராண்டாவில் பெஞ்சு போட்டு, ஆம்பளைகளும் பொம்பளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல வெயிலில் ஒரு பெண் முக்காடு போட்டிருந்தாள். சனிக்கிழமை என்றால் நான் பிள்ளைக்கு அம்மா. இங்கே போய் உட்கார்ந்தால்?

படி ஏறும்போதே பார்த்துவிட்டேன். இரண்டாவது பெஞ்சில் கவினேஷின் அப்பா. என் வகுப்புப் பையனின் அப்பா. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பள்ளி திறந்த அன்று பையனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கணக்குல கொஞ்சம் மோசம் டீச்சர், பாத்துக்கோங்க என்று சொன்னவர். அவரும் நிமிர்ந்தார். நான் திரும்பி இறங்கிவிட்டேன். எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை, வாசலில் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தேன். செண்பகா பின்னாலேயே ஓடி வந்தாள். சொன்னேன்.

“அவரும் அங்க மாத்திரைக்குத்தானம்மா உக்காந்திருக்காரு? அவரு போயி யார்கிட்ட சொல்லுவாரு?”

அதெல்லாம் உனக்குத் தெரியாது என்றேன். அவளே உள்ளே போனாள்.

சாறுகாரன் மூன்றாவது டம்ளர் வேண்டுமா என்று கேட்ட நேரத்துக்கு வெளியே வந்தாள். கடிதம், மாத்திரை எல்லாம் வாங்கியிருந்தாள். டாக்டர் இளவயதுக்காரராம். வாங்க என்று மரியாதையாகப் பேசினாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த மினுக்கத்தை நான் எங்கே வைப்பேன். எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொன்னாளாம். எடை, என்ன மாத்திரை, எப்போதிலிருந்து, கடைசி ரத்தப் பரிசோதனை எப்போது என்று ஒன்றுகூடத் தடுமாறவில்லையாம்.

பார்மசிஸ்ட் என்னைக் கேட்டாராம். “வெளிய நிக்காங்கன்னு சொன்னேன். உன்னய வரச் சொன்னாரு.”

அடுத்த வாரம் வருகிறேன், இன்னும் இருக்கிறது என்றேன்.

ஜூன் 16, திங்கள்

காலையில் கவினேஷின் அப்பா கேட்டருகில் பையனுக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்து இன்னும் குனிந்துகொண்டார். நானும் குடையை விரித்துக்கொண்டேன். மழை இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

கோயமுத்தூரில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். மூன்று பேர் இருக்கும் அறை. ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. கட்டிலுக்கடியில் பெட்டியைத் தள்ளும்போது யாருக்கும் தெரியாமல் எவர்சில்வர் டப்பாவை அவள் துணிக்கு அடியில் வைத்தேன். அவசரத்துக்கு வைத்துக்கொள், இல்லையென்றால் தொடாதே என்றேன். சரி சரி என்று என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். அறைக்காரிகள் முன்னால் அழுதுவிடுவேன் என்று பயம் அவளுக்கு.

ரயிலில் தூங்கிவிட்டேன். இவ்வளவு அசதி எனக்கு வந்ததே இல்லை.

ஜூன் 25, புதன்

போன் செய்தாள். வகுப்பு முடிந்து தானே பஸ் பிடித்துப் போய், அங்கே சென்டரில் பெயர் பதிந்துவிட்டாளாம். ஒரே நாளில் எல்லாம் முடிந்ததாம். மாத்திரையும் கையோடு கொடுத்துவிட்டார்களாம். கம்ப்யூட்டர் வேலை செய்ததா என்று கேட்டேன். “ஏம்மா, வேல செய்யலன்னா ஒனக்குச் சந்தோஷமா?” என்கிறாள்.

சந்தோஷம்தான். மனசு ஏன் இப்படி வெறுமையாக இருக்கிறது என்று தெரியவில்லை.

ராத்திரி பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் எடுத்துவைத்துவிட்டு, இரண்டையும் செடிக்கு ஊற்றினேன்.

ஜூலை 3, வியாழன்

வாயில் புண். மோர் மட்டும் குடிக்கிறேன். ஹெச்.எம். என்ன டீச்சர் டயட்டா, பிளவுஸ் எல்லாம் தொங்குகிறதே என்றார். மகள் இல்லாத வீட்டில் ஒருத்திக்குச் சமைக்கத் தோன்றுவதில்லை என்று சொன்னேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

என் போத்தல் காலி. அடுத்த வாரம் கட்டாயம் போக வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

சாரல் விடாமல் விழுகிறது. துணி காயவில்லை. போகவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டு நாள் காய்ச்சல், இன்றுதான் பள்ளிக்குப் போனேன். விடும் நேரத்தில் கவினேஷின் அப்பா வந்தார். கணக்கில் இப்போது பரவாயில்லை என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். சரி டீச்சர் என்றார், போகவில்லை. பையன் சாப்பாட்டுப் பையைச் சுற்றிக்கொண்டு தூரத்தில் ஓடிய பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“வியாழக்கெழம மத்தியானத்துக்கு மேல அங்க கூட்டமே இருக்காது டீச்சர். நம்ம பக்கத்து ஆளுக யாரும் வரமாட்டாக. நான் பாத்து வச்சுச் சொல்லுதேன்.”

“எங்க?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கைச்சுத்தம் இல்லாத பிள்ளையிடம் கேட்பதுபோல் இருந்தது.

“சும்மா சொன்னேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆட்டோ மூன்று முறை உதைத்த பிறகுதான் கிளம்பியது. அதுவரைக்கும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

செண்பகா போன் செய்தாள். பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது டப்பாவைத் திறந்து பார்த்தாளாம்.

“இவ்வளவு மாத்திர எங்கருந்தும்மா?”

கூடுதலாகக் கொடுத்தார்கள் என்றேன்.

“கூடுதலா யாரு கொடுப்பா? மிச்சம் எத்தனன்னு எண்ணிப் பாத்துட்டுத்தான அடுத்ததே தாராங்க.”

பார்மசிஸ்ட் தெரிந்தவர் என்பதால் கொடுத்தார் என்றேன்.  பின்னால் அறைக்காரிகளின் பேச்சுச் சத்தம் கேட்டது, பிறகு அது அடங்கியது. வராண்டாவுக்கு வந்துவிட்டாள் போல. நீ சாப்பிட்டாயா என்று கேட்டாள். தோசை சாப்பிட்டேன் என்றேன். அதைக் கேட்கவில்லை என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பால் வாங்கவே இல்லை.

ஜூலை 26, சனி

வியாழக்கிழமை நடந்ததை இன்று எழுதுகிறேன். முந்தாநாளும் நேற்றும் கை ஓடவில்லை.

காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால் செண்பகா நிற்கிறாள். தோளில் பை, தலை கலைந்து கிடக்கிறது. ரயிலில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். என்னடி என்பதற்குள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஓடியது. அவள் நேராக அடுக்களைக்குப் போய், அரிசி டப்பாவுக்குப் பின்னால் நான் வைக்கும் இடத்திலிருந்து என் போத்தலை எடுத்துத் திறந்தாள். பஞ்சு மட்டும் இருந்தது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. எவர்சில்வர் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்தாள்.

“எட்டாங்கிளாஸ்ல, ஒருநாள் போடாம குப்பையில போட்டேன்னு என்னய வெளக்குமாத்தால அடிச்ச. ஞாபகம் இருக்கா?”

“ஒனக்கு ஒண்ணு ஆகிறக் கூடாதுன்னுதான…”

“எனக்கு ஆகிறக் கூடாது. சரி. அங்க ராத்திரி மாத்திரயக் கையில எடுக்கும்போதெல்லாம் நான் யாரயும்மா நெனச்சுக்கிட்டுப் போடணும்?”

காலிப் போத்தலை வாங்கி மூடிவைத்தேன். 

பள்ளிக்கு அவளே போன் செய்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள். இவ்வளவுதான். ஹெச்.எம். மேற்கொண்டு எதுவுமே கேட்கவில்லையாம்.

மத்தியானத்துக்கு மேல் போனோம். வராண்டாவில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். முக்காடு போடட்டுமா என்று கேட்டதற்கு, உன் இஷ்டம் என்றாள். போடவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

டாக்டர் உண்மையிலேயே சின்ன வயதுக்காரர்தான். என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். எப்போது தெரிய வந்தது என்று கேட்டார். செண்பகா எல்.கே.ஜி. படித்தபோது விடாமல் காய்ச்சல் வந்தது என்று தொடங்கினேன். எந்த டாக்டரிடம் காட்டினோம், அவள் எடை அப்போது எவ்வளவு, முதலில் கொடுத்த சிரப்பை எப்படித் துப்பினாள், எல்லாம் கோவையாக வந்தது. அவர் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அது ஒங்க பொண்ணும்மா. நான் ஒங்களக் கேட்டேன்.”

 கடைசியாகப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தது எப்போது? தெரியவில்லை. எடை? தெரியவில்லை. தினம் எந்த நேரத்துக்கு மாத்திரை போடுவீர்கள்? செண்பகாவைத் திரும்பிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அவள் தடுமாறினால் நான்தானே எடுத்துக்கொடுப்பேன். அவள் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். கண் நிறைந்திருந்தது. 

டாக்டர் அவசரப்படவில்லை. காற்றாடி சுற்றியதில் மேசைமேல் இருந்த தாள் படபடத்தது, அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“எனக்கு மாத்திர இல்ல டாக்டர்,” என்றேன். “தீந்து ரொம்ப நாளாச்சு. அதுக்கு முன்னாடியும் ஒழுங்காப் போடல, அவளுக்குன்னு எடுத்து வச்சுட்டேன்.”

“சரி. எப்போலருந்து, சொல்லுங்க” என்றார்.

சொன்னேன்.